பிறப்பின் பேரிலா, வளர்ப்பின் பேரிலா?

1934ஆம் ஆண்டு நார்வேயின் ஆஸ்லோ நகரில் ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளை ஆஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவரிடம் அழைத்துவந்தார். மூத்தவள் பெண், ஆறு வயது கடந்தவள். சில சொற்களுக்கு மேல் பேச வரவில்லை. இளையவன் நான்கு வயதுப் பையன். அவனுக்குப் பேச்சே இல்லை. இருவரும் பிறந்தபோது மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருந்தார்கள். பார்க்காத மருத்துவர் இல்லை. ஆனால் அந்தத் தாய் விடாமல் கேட்டுவந்த ஒரு கேள்விக்கு யாரிடமும் பதில் கிடைக்கவில்லை: பிள்ளைகள் மேல் ஏன் எப்போதும் ஒரு விநோதமான வாடை வீசுகிறது?

ஃபோலிங் மருத்துவத்துக்கு முன்பு வேதியியல் படித்தவர். பிள்ளைகளின் சிறுநீரில் சில துளி ஃபெரிக் குளோரைடை விட்டுப் பார்த்தார். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்த சாதாரணச் சோதனைதான். ஆனால் நிறம் யாரும் எதிர்பார்க்காத பச்சையாக மாறியது. கொடுத்துவரும் மருந்துகளையெல்லாம் நிறுத்திவிட்டு மறுபடியும் கொண்டுவரச் சொன்னார். மறுபடியும் பச்சை. லிட்டர் லிட்டராகச் சிறுநீரைச் சேர்த்து, பிரித்து, தூய்மையாக்கி, கடைசியில் அந்தப் பச்சைக்குக் காரணமான ஃபினைல்பைருவிக் அமிலத்தைக் கண்டுபிடித்தார். பிறகு மனவளர்ச்சி குன்றியோர் காப்பகங்களிலிருந்து நூற்றுக்கணக்கானோரின் சிறுநீரை வரவழைத்துச் சோதித்தார். இன்னும் 8 பேரிடம் அதே பச்சை தெரிந்தது.

இன்று ஃபினைல்கீட்டோன்யூரியா, சுருக்கமாக பி.கே.யு., என்று சொல்லப்படும் நோய் இது. நாம் சாப்பிடும் புரதம் எல்லாவற்றிலும், பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் தாய்ப்பாலிலும்கூட, ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதை மாற்றிப் பயன்படுத்தும் நொதி கல்லீரலில் உண்டு. 12ஆம் குரோமோசோமில் அந்த நொதிக்கான மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதாகவே வந்து சேர்ந்துவிட்டால், ஃபினைல்அலனின் இரத்தத்தில் தேங்கி, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையைக் கெடுக்கிறது. பெற்றோர் இருவரிடமும் ஒரு பழுதுப் பிரதியும் ஒரு நல்ல பிரதியும் இருப்பதால் அவர்களுக்கு ஒன்றும் நேர்வதில்லை.

பிறப்பிலேயே வந்தது, இரத்தத்தில் ஊறியது, யாராலும் மாற்ற முடியாதது என்று கைவிரிக்க இதைவிடப் பொருத்தமான நோய் கிடைக்காது. அப்படிக் கைவிரித்தும் விட்டார்கள். 1951இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் ஹோர்ஸ்ட் பிக்கல் என்ற இளம் மருத்துவர் ஒரு இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு இந்த நோய் இருப்பதை உறுதிசெய்தார். முடிவு தெளிவாகத் தெரிந்த சோதனைத் தாளைத் தாயிடம் காட்டினார். அந்தத் தாய்க்கு அதில் அக்கறையில்லை. என் குழந்தைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் அவர் கேட்டது. அதையே ஒவ்வொரு நாள் காலையிலும் ஆய்வகத்து வாசலில் நின்று கேட்டார்.

வேறு வழியில்லாமல் பிக்கலும் அவருடைய சகாக்களும் பால் புரதத்தைச் சிதைத்து, கரித்தூளில் வடித்து, ஃபினைல்அலனினை நீக்கி ஒரு கலவை தயாரித்தார்கள். குழந்தைக்கு அதுதான் சாப்பாடு. சில மாதங்களில் அவள் தவழ்ந்தாள், எழுந்து நின்றாள், கண்ணில் ஒளி வந்தது, வெளுத்திருந்த தலைமுடி கறுக்கத் தொடங்கியது. இது உண்மையிலேயே பத்தியத்தின் பலன்தானா என்று பார்க்க, தாயிடம் சொல்லாமலேயே கலவையில் ஃபினைல்அலனினைச் சேர்த்தார்கள். சில நாட்களிலேயே அவள் பழைய நிலைக்குச் சரிந்தாள். ஒரு தாயிடம் மறைத்துச் செய்த அந்தச் சோதனை இன்று எந்த நெறிமுறைக் குழுவிலும் தேறாது, தேறவும் கூடாது. ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி ஒன்று தெரிந்துபோனது. பத்தாண்டு கழித்து அமெரிக்கரான ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தை வடிதாளில் ஊறவைத்தே நோயைக் கண்டறியும் வழியைக் கொண்டுவந்தார். பிறந்த சில நாட்களுக்குள் பத்தியத்தைத் தொடங்கிய குழந்தைகள் மற்றவர்களைப் போலவே பள்ளிக்குப் போனார்கள், வேலைக்குப் போனார்கள். நம் ஊரில் சர்க்கரையில்லாக் குளிர்பான டப்பாக்களில் பொடி எழுத்தில் இந்த நோயின் பெயரோடு ஓர் எச்சரிக்கை இருக்கும். அஸ்பார்ட்டேம் என்ற இனிப்பூட்டியில் ஃபினைல்அலனின் இருப்பதால் வந்த எச்சரிக்கை அது.

இந்தக் குழந்தைகளின் மூளைக் கேட்டை எதன் பேரில் எழுதுவது? மரபணு பழுதில்லை என்றால் எதைச் சாப்பிட்டாலும் கேடு இல்லை. உணவில் ஃபினைல்அலனின் குறைவு என்றால் மரபணு பழுதாக இருந்தும் கேடு இல்லை. 60 பங்கு இது, 40 பங்கு அது என்று பிரிக்க இங்கே இடமே கிடையாது.

ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளாக அறிவியலும் அரசும் குடும்பமும் அப்படிப் பிரித்துக் கணக்கு எழுதத்தான் முயன்றிருக்கின்றன. டார்வினின் உறவினரான ஃபிரான்சிஸ் கால்டன் 1874இல் ஆங்கிலேய அறிவியலாளர்களைப் பற்றி எழுதிய நூலில் இயல்பு, வளர்ப்பு என்ற இரட்டைச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் அவை மோனையாக ஒலிப்பவை. அந்த ஓசை நயத்துக்காகவே ஒட்டிக்கொண்டன. மறு ஆண்டு இரட்டையர்களின் வாழ்க்கையைத் திரட்டிப் பார்த்து, வளர்ப்பைவிட இயல்பே பெரிதும் வெல்கிறது என்று முடிவு கட்டினார். ஆனால் அந்த முடிவோடு அவரே ஒரு நிபந்தனையும் சேர்த்திருந்தார்: ஒரே நாட்டில், ஒரே சமூகத் தட்டில் உள்ளவர்களுக்கிடையே வழக்கமாகக் காணப்படும் அளவுக்கு மேல் வளர்ப்பு வேறுபடாதபோது மட்டுமே இது பொருந்தும். பின்னால் வந்தவர்கள் முடிவை வைத்துக்கொண்டு நிபந்தனையை உதறிவிட்டார்கள். இந்த விவாதத்தின் பெரும்பாலான குழப்பங்கள் அந்த ஒரு நிபந்தனை தொலைந்ததில் தொடங்கியவை என்றே நினைக்கிறேன். கால்டனே அதைக் காப்பாற்றவில்லை. 1883இல் மனித இனத்தைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கியவர் அவர்தான். 1907இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டத்தை ஏற்றது. 60,000க்கும் மேற்பட்டோர் அங்கே மலடாக்கப்பட்டனர். 1933இல் ஹிட்லரின் அரசு கொண்டுவந்த சட்டத்தின்கீழ் ஜெர்மனியில் ஏறக்குறைய 4 லட்சம் பேர்.

எல்லாவற்றையும் வளர்ப்பின் பேரில் எழுதியவர்களின் கையும் சுத்தமல்ல. ஆரோக்கியமான பச்சைக் குழந்தைகளைத் தன்னிடம் கொடுத்தால் மருத்துவராகவோ திருடனாகவோ தான் விரும்பியபடி ஆக்கிக்காட்டுவதாக 1920களில் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன் சொன்னதைப் பலரும் அறிவர். அது வெறும் சவால். அதைவிடக் கொடுமை ஆட்டிசக் குழந்தைகளின் தாய்மார்களுக்கு நேர்ந்தது. தாயின் பாசமற்ற குளிர்ச்சியே ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வேரூன்றியது. சிகாகோவில் சிறப்புப் பள்ளி நடத்திய புருனோ பெட்டல்ஹைம் 1967இல் எழுதிய நூல் அதை ஊரறியச் செய்தது. இரவெல்லாம் தூங்காமல் பிள்ளையைத் தோளில் போட்டுக் கிடந்த பெண்களிடம், நீ அன்பு காட்டாததால்தான் இவன் இப்படி ஆனான் என்று படித்தவர்கள் சொன்னார்கள். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒருகரு இரட்டையரில் 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. இருகரு இரட்டையர் 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இல்லை. சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் மரபின் பங்கைக் காட்டி, அந்தத் தாய்மார்களின் தலையிலிருந்த பழியை அது இறக்கத் தொடங்கியது. மரபணு என்ற சொல்லைக் கேட்டாலே சாதியும் இனவெறியும் நினைவுக்கு வந்து முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: மரபை மறுத்ததாலும் மனிதர்கள் நசுக்கப்பட்டிருக்கிறார்கள்.

பி.கே.யு. ஒரே ஒரு மரபணுவால் வருவது. அறிவுத்திறனும் குணமும் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து தொடுவது. அங்கே கண்டதை இங்கே பொருத்தலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கேதான் இரட்டையர் ஆய்வுகள் வருகின்றன. ஒருகரு இரட்டையருக்கு மரபணு ஏறத்தாழ முழுக்க ஒன்று. இருகரு இரட்டையருக்குச் சராசரியாகப் பாதி. முன்னவர்கள் பின்னவர்களைவிட எவ்வளவு அதிகம் ஒத்திருக்கிறார்கள் என்பதிலிருந்து ஒரு விழுக்காடு கணக்கிடப்படுகிறது. அதை இங்கே மரபுவீதம் என்று வைத்துக்கொள்வோம். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் தாமஸ் புஷார்ட் 1979 முதல், பிரிந்து வளர்ந்த இரட்டையரைத் தேடித் தேடி ஆராய்ந்து, 1990இல் நுண்ணறிவு மதிப்பெண்ணின் மரபுவீதம் சுமார் 70 விழுக்காடு என்று அறிவித்தார். 2015இல் ஐம்பது ஆண்டு இரட்டையர் ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகத் தொகுத்தார்கள்: 2,748 ஆய்வுக் கட்டுரைகள், 17,804 பண்புகள். எல்லாவற்றுக்குமான சராசரி மரபுவீதம் 49 விழுக்காடு. மரபின் பங்கு இல்லவே இல்லை என்று இனி யாரும் நேர்மையாகச் சொல்ல முடியாது.

சிக்கல் அந்த எண்ணை வாசிப்பதில் இருக்கிறது. 70 விழுக்காடு என்றால் என் அறிவில் பத்தில் ஏழு பங்கு அப்பா அம்மாவிடமிருந்து வந்தது என்று பொருள் அல்ல. ஒரு குறிப்பிட்ட மக்கள் கூட்டத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்துவருகிறது என்பது மட்டுமே அது. கையில் ஐந்து விரல் இருப்பது முழுக்க மரபணுவின் வேலை. ஆனாலும் விரல் எண்ணிக்கையின் மரபுவீதம் மிகக் குறைவு. ஏனென்றால் நான்கு விரலோடு இருப்பவர்களில் பெரும்பாலோர் இயந்திரத்திலோ விபத்திலோ விரலை இழந்தவர்கள். மறுபுறம், ஓர் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சாப்பாடும் ஒரே பள்ளியும் கிடைத்தால் அங்கே மரபுவீதம் ஏறும். மிஞ்சியிருக்கும் வேறுபாடு மரபணுவில் மட்டும்தானே இருக்கும்? மரபு எதையும் புதிதாகச் செய்துவிடவில்லை. சூழலின் ஏற்றத்தாழ்வு மட்டம் ஆகியிருக்கிறது.

கிட்டப்பார்வையை எடுத்துக்கொண்டால் இது கண்முன்னே தெரியும். இரட்டையர் ஆய்வுகளில் கிட்டப்பார்வையின் மரபுவீதம் மிக உயர்வு. கண்ணாடி போட்ட பெற்றோருக்குக் கண்ணாடி போட்ட பிள்ளை என்பது வீட்டுக்கு வீடு பார்ப்பதுதான். ஆனால் 2010இல் சியோல் நகரில் ராணுவப் பதிவுக்கு வந்த 19 வயது இளைஞர்களைச் சோதித்தபோது 96 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்குக் கிட்டப்பார்வை. தாத்தாக்களின் காலத்தில் அப்படி இல்லை. இரண்டு தலைமுறைக்குள் மரபணுக்கள் மாறிவிடாது. 2008இல் வெளியான ஓர் ஆய்வு, சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் ஆறு, ஏழு வயதுச் சீன வம்சாவளிக் குழந்தைகளை ஒப்பிட்டது. கண்ணாடி போட்ட பெற்றோர் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தார்கள். சிங்கப்பூரில் 29.1 விழுக்காடு குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 விழுக்காடு. சிட்னிக் குழந்தைகள் புத்தகம் வாசித்ததும் குறைவில்லை, சொல்லப்போனால் கூடுதல். வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. சிங்கப்பூர்க் குழந்தைகள் வாரத்துக்கு 3 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிட்னிக் குழந்தைகள் 14 மணி நேரத்தை நெருங்கினார்கள். பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமினைச் சுரக்கவைத்து, விழி அளவுக்கு மேல் நீள்வதைத் தடுக்கிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். பின்னர் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளை எடுத்து, பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிட வெளி நேரத்தைக் கூட்டினார்கள். மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தோர் அங்கே 30.4 விழுக்காடு, மற்றப் பள்ளிகளில் 39.5 விழுக்காடு.

சிங்கப்பூருக்குள் மட்டும் பார்த்திருந்தால், எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி அறைக்குள் இருக்கும்போது யாருக்குக் கண்ணாடி, யாருக்கு இல்லை என்பதை மரபணுதான் பெரும்பாலும் தீர்மானிப்பதாகத் தோன்றும். அந்தக் கணக்கு பொய்யல்ல. ஆனால் கதவைத் திறந்து விளையாட விடு என்று அது சொல்லவே சொல்லாது.

அப்பனுக்கும் கணக்கு வராது, இவனுக்கும் வராது என்று நம் வீடுகளில் எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! விளையும் பயிர் முளையிலே தெரியும் என்போம். அதே வாயால் ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்றும் கேட்போம். முதலாவது பிறப்பின் பேரில், இரண்டாவது வளர்ப்பின் பேரில். இரண்டுமே பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகு, இனி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்ற நிம்மதிக்காகச் சொல்லப்படுகின்றன. அந்த நிம்மதி எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. ஏனென்றால் அதன் விலையைக் கொடுப்பது குழந்தை.

கால்டன் சொல்லிவிட்டுப் போன நிபந்தனைக்குத் திரும்புவோம். ஒரே சமூகத் தட்டைத் தாண்டிப் போனால் என்ன ஆகிறது? 2003இல் எரிக் டர்க்ஹைமரும் சகாக்களும் அமெரிக்காவில் ஏழு வயது இரட்டையர்களின் நுண்ணறிவு மதிப்பெண்களைக் குடும்ப வசதியோடு சேர்த்துப் பார்த்தார்கள். வசதியான வீடுகளில் வேறுபாட்டின் பெரும்பகுதி மரபணுவைச் சேர்ந்தது. மிக ஏழ்மையான வீடுகளில் மரபுவீதம் பூஜ்ஜியத்தை நெருங்கியது; வேறுபாட்டில் 60 விழுக்காடு வரை அந்தந்த வீட்டின் சூழலைச் சேர்ந்தது. இந்த முடிவைப் பின்னால் வந்தோர் வேறு நாடுகளில் தேடினார்கள். 2016இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, அமெரிக்காவில் இந்தப் போக்கு இருப்பதையும் மேற்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இல்லாததையும் காட்டியது. ஏழைக்கும் ஓரளவு நல்ல பள்ளியும் மருத்துவமும் அரசு தரும் நாடுகளில் ஏழ்மை ஒரு குழந்தையின் திறனை அந்த அளவுக்கு நெரிப்பதில்லை என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கமாக எனக்குப் படுகிறது.

நெரித்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதை ருமேனியா காட்டியது. அதிபர் சௌசெஸ்கு மக்கள்தொகையைப் பெருக்குவதற்காக 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்தார். வளர்க்க வழியற்ற குடும்பங்கள் பிள்ளைகளை அரசுக் காப்பகங்களில் விட்டன. 1989 டிசம்பரில் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது ஏறத்தாழ 1,70,000 குழந்தைகள் அங்கே இருந்தனர். சோறு உண்டு, கூரை உண்டு. தூக்குவதற்கு ஆள் இல்லை. அழுதால் யாரும் வரமாட்டார்கள் என்று கற்றுக்கொண்ட குழந்தைகள் அழுவதையே நிறுத்தியிருந்தார்கள். வரிசையாகத் தொட்டில்கள் நிறைந்த அந்தக் கூடங்களின் அமைதியைப் பார்க்கப் போனவர்கள் பலரும் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய மூவர் புக்கரெஸ்ட் நகரில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். காப்பகங்களிலிருந்த 136 குழந்தைகள், ஆறு மாதம் முதல் 31 மாதம் வரை வயதுடையவர்கள். குலுக்கல் முறையில் 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். 68 பேர் வழக்கமான கவனிப்பில் தொடர்ந்தனர். குலுக்கலில் பெயர் வராத குழந்தையை நினைத்தால் மனம் கனக்கிறது. அப்போது அந்நகரில் வளர்ப்புக் குடும்ப ஏற்பாடே அநேகமாக இல்லை. ஆய்வாளர்களே பணம் திரட்டி உருவாக்கிய இடங்கள் அவை. எந்தக் குழந்தையையும் ஆய்வுக்காகக் காப்பகத்தில் பிடித்துவைக்கவில்லை. இதையெல்லாம் அறிந்த பிறகும் கனம் முழுக்கக் குறைவதில்லை. ஆனால் குலுக்கல் என்பதால்தான், நல்ல இயல்புள்ள குழந்தைகளைத் தேர்ந்து எடுத்துப்போயிருப்பார்கள் என்று யாரும் சொல்ல முடியாமல் போனது.

நான்கரை வயதில் காப்பகக் குழுவின் சராசரி நுண்ணறிவு மதிப்பெண் 73. வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவர்களுக்கு 81. பெற்றோரோடு அதே நகரில் வளர்ந்த குழந்தைகளுக்கு 109. இரண்டு வயதுக்கு முன்னரே வீட்டுக்குப் போனவர்கள் பின்னால் போனவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஒருவர்மேல் பற்று வைத்து ஒட்டிக்கொள்ளும் திறனிலும் மூளையின் மின்னலைகளிலும்கூட அந்த வயது எல்லை தெரிந்தது. மனித மரபணு, குழந்தைக்கு ஒரு முகம் கிடைக்கும், ஒரு மடி கிடைக்கும் என்று நம்பி மூளைக்கான வேலையைத் தொடங்குகிறது. அந்த எதிர்பார்ப்பு மரபு. எதிர்பார்த்தது வந்து சேர்வது சூழல். வர வேண்டிய காலத்தில் வராவிட்டால், பிறகு வருவது எல்லாவற்றையும் ஈடுகட்டுவதில்லை. 2004இல் ருமேனியா, கடுமையான ஊனம் இல்லாத, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காப்பகங்களில் சேர்ப்பதைச் சட்டத்தால் தடுத்தது.

கடைசியாக, இரண்டு பத்திக் கணக்கு எழுத முடியாது என்பதற்கு இன்னொரு சான்று ஐஸ்லாந்திலிருந்து 2018இல் வந்தது. பெற்றோரின் மரபணுக்களில் பாதிதான் பிள்ளைக்கு வருகிறது. மறுபாதி வருவதே இல்லை. வராத அந்தப் பாதிக்கும் பிள்ளை எவ்வளவு படித்தது என்பதற்கும் தொடர்பு இருந்தது. வந்த பாதியின் தாக்கத்தில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு. அந்த மரபணுக்கள் பிள்ளையின் உடலுக்குள் இல்லை. பெற்றோரின் உடலுக்குள் இருந்து, அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், என்ன வாங்கித்தருகிறார்கள், எங்கே குடியிருக்கிறார்கள் என்பதன் வழியாகப் பிள்ளையைத் தொட்டிருக்கின்றன.

பி.கே.யு. மருத்துவர்களுக்கு இது முன்பே தெரியும். மிகக் கசப்பான வழியில் தெரியும். 1960களில் பத்தியத்தால் காப்பாற்றப்பட்ட குழந்தைகளுக்கு, மூளை வளர்ந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று ஐந்து ஆறு வயதில் பத்தியத்தை நிறுத்தும் வழக்கம் இருந்தது. அவர்களில் பெண்கள் வளர்ந்தார்கள், மணந்தார்கள், கருவுற்றார்கள். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு பி.கே.யு. கிடையாது, தந்தையிடமிருந்து ஒரு நல்ல பிரதி வந்திருந்தது. ஆனாலும் சிறிய தலையோடு, இதயக் குறையோடு, மூளை வளர்ச்சி குன்றிப் பிறந்தார்கள். 1980இல் ரோஜர் லெங்கேவும் ஹார்வி லெவியும் 500க்கும் மேற்பட்ட கருவுறுதல்களைத் தொகுத்தபோது, பத்தியமின்றி இரத்தத்தில் ஃபினைல்அலனின் மிக அதிகமாக இருந்த தாய்மார்களின் குழந்தைகளில் 92 விழுக்காட்டினருக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருந்தது.

தாயின் 12ஆம் குரோமோசோமில் இருந்த பழுது தாய்க்கு மரபு. அவள் வயிற்றில் இருந்த குழந்தைக்கு அதுவே சூழல். இன்று இந்த நோயுள்ள பெண், குழந்தை வேண்டும் என்று நினைத்ததுமே, கருவுறுவதற்கு முன்பிருந்தே பழைய பத்தியத்துக்குத் திரும்புகிறாள். சிறுவயதில் குடித்த அதே கசப்புக் கலவையை மறுபடியும் குடிக்கிறாள். சோற்றையும் உருளைக்கிழங்கையும் தராசில் வைத்துக் கிராம் கணக்கில் நிறுத்துச் சாப்பிடுகிறாள். விரல் நுனியில் குத்தி, வடிதாளில் இரத்தத் துளி எடுத்து, அடிக்கடி ஆய்வகத்துக்கு அனுப்புகிறாள். பிறக்கப்போகும் குழந்தைக்குப் பெரும்பாலும் இந்தப் பத்தியம் எதுவும் தேவைப்படாது. அது பிறந்ததும் முதல் வாரத்திலேயே எல்லாக் குழந்தைகளையும் போலத் தாய்ப்பால் குடிக்கும்.